எட்டுப் பாதிப் படங்கள்

என் தாய்மாமன் சடையப்பனுக்கு எட்டுப் படங்களின் முதல் பாதி தெரியும். எட்டுக்கும் முடிவு தெரியாது. கதாநாயகி பஸ் ஏறியதுவரை ஒரு படம், வில்லன் கதவைத் திறந்ததுவரை ஒரு படம், கபடிக்காரன் கால் முறிந்து மண்ணில் கிடப்பதுவரை ஒரு படம். அவன் எழுந்தானா, இன்னும் அங்கேயே கிடக்கிறானா என்று தெரியாமல் மாமா மூன்று மாதம் ஓட்டினார். நல்ல மனுஷன், தாங்கிக்கொண்டார்.

மாமா மைன்ஸில் காண்ட்ராக்ட். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற மண்ணையும் கரியையும் வாரி மறுபடி பெல்ட்டிலேயே போடுவது வேலை. பெல்ட் நிற்காது, சிந்துவதும் நிற்காது, அதனால் மாமாவின் வேலை என்றைக்கும் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. வாரம் ஒரு ஷிப்ட் மாறும். ஊரே பேசுகிற படம் தியேட்டருக்கு வரும் வாரம் அவருக்கு ரெண்டாம் ஷிப்ட்டாக இருக்கும். அதற்கடுத்த வாரம் நைட் ஷிப்ட். பகலில் தூங்கி எழுந்து, தலை வாரி, புதுச்சட்டை மாட்டிக்கொண்டு போனால் தியேட்டர் சுவரில் போஸ்டரைக் கிழித்துக்கொண்டிருப்பார்கள். போஸ்டர் ஒட்டுகிறவர் இவரைப் பார்த்ததும், "வந்துட்டியா? அப்ப படம் தூக்கியாச்சுன்னு அர்த்தம்" என்பாராம்.

அதனால் சி.டி.தான். அவர் ஊரான வடக்குத்தில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்துவந்து வீட்டில் போட்டுப் பார்ப்பார். இங்கேதான் கரண்ட் குறுக்கே வரும். சரியாகச் சொன்னால், வராது. அது 2012. ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. மாமா படம் போட்டு உட்கார்ந்தால் சரியாக இடைவேளைக்கு முந்தின காட்சியில் டிவி கறுத்துவிடும். மறுபடி கரண்ட் வரும்போது அவர் ஷிப்ட் பஸ்ஸில் இருப்பார், இல்லையென்றால் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார். சாயங்காலம் அவர் மனைவி கனகம் அத்தை சி.டி.யைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடும்.

"நான் வாரிப் போடற கரிதான் புள்ள அந்தக் கரண்டு. எவன் வூட்டுலயோ ஏசி ஓட்டிக்கினு இருக்குது. எனக்கு ஒரு படம் ஓட்ட மாட்டேங்குது" என்பார் மாமா.

எங்கள் வீடு கம்பெனி டவுன்ஷிப்பில், பிளாக் பதினெட்டில், குவார்ட்டர்ஸ். அப்பா பழனிவேல் அதே மைன்ஸில் பெர்மனென்ட். எங்களுக்குக் கரண்ட் போகாது. மெழுகுவர்த்தி எங்கே இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மாமா வீட்டிலிருந்து சைக்கிளை மிதித்தால் இருபத்தைந்து நிமிஷம். அம்மா திலகவதி அவருக்குக் கூடப் பிறந்த ஒரே தங்கை. வந்து உட்கார்ந்து எட்டுப் படத்தையும் காலாட்டிக்கொண்டே பார்த்துவிட்டுப் போகலாம். ஆனால் அவர் எங்கள் வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

சபதத்துக்குக் காரணம் என் தம்பி இனியனின் காது. அவனுக்கு ஒன்றரை வயதில் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். மாமா அதற்காகவே யார் காலையோ பிடித்து நைட் ஷிப்ட்டுக்கு மாறிக்கொண்டார். காலை ஆறுக்கு இறங்கினால் குளித்துவிட்டு ஏழரைக்கு வந்துவிடலாம் என்று கணக்கு. ஆனால் மைன்ஸில் அடுத்த ஷிப்ட் ஆள் வந்து நின்றால்தான் இந்த ஷிப்ட் ஆள் கிளம்பலாம். அன்றைக்குப் பார்த்து ரிலீவர் வரவில்லை. இங்கே நல்ல நேரம் ஒன்பதுக்கு முடிகிறது, ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார், பெரியவர்கள் அவசரப்படுத்துகிறார்கள். அம்மாவின் சித்தப்பா மகன் சிலம்பரசனைப் பிடித்து உட்காரவைத்து, அவர் மடியில் குழந்தையைப் போட்டுக் குத்திவிட்டார்கள். ஒன்பதரைக்கு மாமா சீர்த்தட்டோடு வந்தார். குளிக்கவில்லை. முகம் முழுக்கக் கரி, தலையில் ஹெல்மெட். சிலம்பரசன் கையில் குழந்தையையும், அதன் காதில் கம்மலையும் பார்த்தார். தட்டைக் கேட்டுக்கு வெளியே வைத்தார். "இந்த வாசப்படிய இனி மிதிக்க மாட்டேன்" என்றார். போய்விட்டார்.

அதன்பிறகு அவரும் அம்மாவும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நானும் இனியனும் அவர் வீட்டுக்குப் போவோம், வருவோம். பிள்ளைகளுக்குத் தடை இல்லை. ஆனால் காதுகுத்துப் பேச்சை மட்டும் எடுக்கக் கூடாது. சினிமாவுக்கு அவர் வைத்திருந்த அதே சட்டம்தான் அதற்கும்: "நான் பாக்காதத எனக்கு எவனும் சொல்லக் கூடாது." ஷிப்ட் பஸ்ஸில் யாராவது புதுப்படக் கதையை ஆரம்பித்தால் காதில் விரலை விட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாராம். ஒருமுறை இறங்க வேண்டிய இடம் வந்ததைக் கத்திச் சொல்லியும் கேட்காமல் சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டு வந்தார்.

நான் பத்தாவதில் கணக்கிலும் இங்கிலீஷிலும் கோட்டை விட்டுவிட்டு வீட்டில் இருந்த நேரம். கைக்கு வேலை இல்லை, வாய்க்கு மட்டும் இருந்தது. ஒருநாள் மாமா வீட்டுச் சமையலறைச் சுவரில் கிழித்து முடித்த பழைய காலண்டர் அட்டையைப் பார்த்தேன். அதில் பேனாவால் எழுதியிருந்தார்:

கபடி படம் – கால் போச்சு – கரண்ட் போச்சு.

பேய் படம் – கிணத்துல கை தெரியுது – கரண்ட் போச்சு.

இரட்டை வேடம் – தம்பி அண்ணன் வூட்டுக்கு வரான் – கரண்ட் போச்சு.

இப்படி எட்டு. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வேறு ஒன்றும் வந்தது. வேறு ஒன்றை விழுங்கிவிட்டுச் சிரிப்பை மட்டும் வைத்துக்கொண்டேன்.

"மாமா, அந்தக் கபடிக்காரன் இருக்கானே..."

"ஏ, வாய மூடு."

"கால எடுத்துடறாங்க மாமா."

மாமா தட்டில் இருந்த சோற்றோடு எழுந்து கொல்லைக்கு ஓடினார். பின்னாலேயே போனேன்.

"ஒத்தக் கால்லயே கப்பு வாங்கறான்."

"எழிலு! கனகம், இத புடிச்சி வெளிய தள்ளு!"

"இல்ல மாமா, சும்மா சொன்னேன். அது கனவு. முழிச்சிப் பாத்தா கால் இருக்கு."

"எதுடி நெசம்?"

"அதான் சொல்ல மாட்டேன்."

உண்மையில் நான் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. போகும்போதெல்லாம் ஒரு முடிவு சொன்னேன். கிணற்றில் தெரிந்த கை கதாநாயகனின் சொந்தக் கையே என்றேன். இரட்டை வேடத்தில் மூன்றாவதாக ஒருவன் வருகிறான் என்றேன். மாமா இளைத்துப்போனார். கனகம் அத்தைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதே வேலை.

"ஏங்க, காதுல வுட்ட வெரல எப்பதான் வெளிய எடுப்பீங்க? சோறு ஆறுதே" என்றது அத்தை.

ரெண்டு வாரம் இப்படி வேகவைத்துவிட்டு, மூன்றாவது வாரம் பேரத்தை எடுத்தேன். "எங்க வீட்டுல கரண்ட் போகாது மாமா. வந்து பாத்துட்டுப் போங்க. வந்தா நான் வாயே தொறக்க மாட்டேன். வரலன்னா வாரத்துக்கு ரெண்டு முடிவு."

"உங்க வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொன்னவன் நான்."

"மிதிக்காதீங்க. ஜன்னல் இருக்குல்ல?"

மாமா வெகுநேரம் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஜன்னலப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "வந்தா வரட்டும். யாரு வேணாம்னா?" என்றாள். மத்தியானம் நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால், நாலு வருஷமாக மேற்குச் சுவரோரம் இருந்த டிவி, ஸ்டாண்டோடு ஜன்னலுக்கு நேர் எதிரே வந்திருந்தது. அந்த ஸ்டாண்டை நகர்த்த ரெண்டு ஆம்பளை வேண்டும். அம்மா தனியாகவே நகர்த்தியிருக்கிறாள்.

முதல் சனிக்கிழமை மாமா முதல் ஷிப்ட் முடித்துவிட்டு, சைக்கிள் கேரியரில் பிளாஸ்டிக் ஸ்டூல், கைப்பிடியில் தண்ணி பாட்டில், பையில் சி.டி.யோடு வந்தார். எங்கள் வீட்டுத் தண்ணியும் வேண்டாமாம். வெளியே பலாமரத்து நிழலில், ஜன்னலை ஒட்டி ஸ்டூலைப் போட்டார். வெளிச்சத்தில் டிவி தெரியவில்லை என்று துண்டை எடுத்துத் தலைக்கும் ஜன்னல் கம்பிக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டார். பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாள் துணி காயப்போட வந்தவர் பதறிவிட்டார்.

"எழிலு, உங்க ஜன்னல்ல எவனோ எட்டிப் பாக்கறான்டி!"

"எங்க மாமா. படம் பாக்கறாரு."

"உள்ள வந்து பாக்க வேண்டியதுதான?"

"சபதம் மாமி."

கஸ்தூரியம்மாளுக்குத் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் ஊர்ச் சபதங்களைப் பற்றி அவருக்கு அவ்வளவு தெரியாது. துண்டையே பார்த்துக்கொண்டு உள்ளே போனார்.

டிவியை ஜன்னலைப் பார்க்கத் திருப்பியதால் நாங்கள் ஜன்னலுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார வேண்டியிருந்தது. அதாவது அம்மா சாய்ந்திருக்கிற சுவரின் அந்தப் பக்கம் மாமா. அம்மாவின் தலைக்கு மேலே அவர் முகம். இருவருக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும். பேச்செல்லாம் என் வழியாக.

"எழிலு, சவுண்டு வைக்கச் சொல்லு."

"அம்மா, சவுண்டு வைக்கணுமாம்."

"காது மந்தமான்னு கேளு."

"மாமா, உங்க காத டாக்டர்கிட்ட காட்டணுமாம். அம்மா கூட வராங்களாம்."

"நான் எங்கடி அப்படிச் சொன்னேன்?" என்று அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

அம்மா ஒரு கிண்ணத்தில் முறுக்கைப் போட்டு, பேசாமல் ஜன்னல் திண்டில் வைப்பாள். முதல் வாரம் முறுக்கு அப்படியே இருந்தது. ரெண்டாவது வாரம் பாதி இருந்தது. "அணில் தின்னுட்டுப் போவுது" என்றார் மாமா. அணில் தின்ற தூள் அவர் மீசையில் இருந்தது.

"அம்மா, அணிலுக்கு உப்புக் கம்மியா இருக்காம்" என்றேன். அடுத்த வாரம் உப்பு சரியாக இருந்தது.

கபடிக்காரன் எழுந்துவிட்டான். கிணற்றுக் கை கதாநாயகியின் அத்தையுடையது. பஸ் ஏறியவள் திரும்பி வந்தாள். ஒவ்வொரு படம் முடிந்ததும் மாமா துண்டை உதறித் தோளில் போட்டு, ஸ்டூலைக் கட்டி, "வரன் எழிலு" என்பார். என்னிடம் மட்டும். அம்மா டிவியை அணைத்துவிட்டு, அவர் சைக்கிள் வளைவில் திரும்புகிறவரை ஜன்னல் கம்பியைத் துடைப்பாள். அந்தக் கம்பிகளைப் போலப் பளபளப்பான கம்பி பிளாக் பதினெட்டிலேயே கிடையாது.

எட்டாவது வாரம் வந்தபோது ஏழு படம் முடிந்திருந்தது. அட்டையில் ஏழு வரியையும் மாமா பேனாவால் அடித்துவிட்டார். மிச்சம் அந்த இரட்டை வேடம் ஒன்றுதான். சி.டி.யை வாங்கிப் பிளேயரில் போடும்போதுதான் எனக்கு உறைத்தது. இதுவும் முடிந்தால் மாமாவுக்கு இங்கே வருவதற்கு வேலை இல்லை. ஸ்டூலைக் கட்டிக்கொண்டு போவார், அவ்வளவுதான். ஏழு வாரமாக ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்தும் அண்ணனும் தங்கையும் ஒரு வார்த்தை நேராகப் பேசவில்லை. புதுப்படம் வரும், பாதியில் நிற்கும், அதற்குக் காத்திருக்கலாம்தான். ஆனால் ஊரில், மின்வெட்டைக் குறைக்கப்போகிறார்கள் என்று வேறு பேச ஆரம்பித்திருந்தார்கள். கரண்ட் ஒழுங்காக வந்துவிட்டால் எங்கள் குடும்பம் கெட்டது.

படத்தில் தம்பி அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டான். அண்ணன் கதவைத் திறக்கிறான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். இதுவரைதான் மாமா பார்த்தது. இனிமேல்தான் தெரியாதது.

"தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்தேன்.

எங்கள் ஃபியூஸ் பெட்டி சமையலறைக் கதவுக்கு மேலே. முக்காலியைப் போட்டு ஏறினேன். மெயினை அணைத்தேன். வெள்ளைப் பீங்கான் ஃபியூஸைப் பிடுங்கினேன். அரிசி டப்பாவைத் திறந்து முழங்கைவரை விட்டுப் புதைத்தேன். அப்பா ஒருமுறை இதைச் செய்து காட்டியது படிப்புக்காக. படிப்பு இப்படித்தான் எனக்கு உதவியது.

கூடத்துக்கு வந்தபோது டிவி கறுப்பு, மின்விசிறி நின்றுகொண்டிருந்தது. அம்மா மேலே பார்த்தாள். மாமா துண்டை விலக்கினார்.

"இங்கயுமா?" என்றார் மாமா, யாரிடமும் இல்லாமல்.

இனியன் அழ ஆரம்பித்தான். "அந்தத் தம்பிய அடிப்பாங்களாம்மா? அப்புறம் என்ன ஆவும்?"

"அழாதடா" என்றாள் அம்மா. "நான் போன வருஷமே பாத்தேன். அந்த அண்ணன் என்ன பண்றான்னா..."

"சொல்லாத தெலகா!"

மாமா கம்பியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினார். அப்புறம்தான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்தது. கம்பியை விடவில்லை, வாயை மட்டும் மூடிக்கொண்டார். அம்மா திரும்பவில்லை. சுவரில் சாய்ந்தபடி, எதிரே இருந்த கறுப்பு டிவியைப் பார்த்தாள். அதில் அவளும் அவள் தலைக்கு மேல் மாமாவும் தெரிந்தார்கள்.

"சொல்லாத, சொல்லாத, சொல்லாத. வேற என்ன தெரியும் உனக்கு?" என்றாள் அம்மா. "நீ பாக்காதத யாரும் சொல்லக் கூடாது. அன்னிக்கி என்ன நடந்துதுன்னு மூணு வருஷமா சொல்ல வுட்டியா?"

"அதான் பாத்தனே. கண்ணால பாத்தன்."

"முடிஞ்சப்பறம் வந்து என்னாத்தப் பாத்த? எட்டே முக்கா வரைக்கும் நான் கேட்டுலதான் நின்னுகினு இருந்தேன். உன் சைக்கிள் வருதான்னு. மாமனாரு கத்தறாரு, ஆசாரி வேற எடத்துக்குப் போவணுங்கறாரு. சிலம்பரசன உக்கார வச்சாங்க. ஊசி இன்னும் கிட்டவே வரல, அதுக்குள்ள இந்தப் பய முண்டறான். மாமா மாமான்னு ஒரே கத்து. அவரும், நான்தான்டா மாமான்னு இறுக்கிப் புடிச்சாரு..."

அம்மா நிறுத்தினாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"புடிச்சாரு, அப்பறம்?" என்றார் மாமா.

"பேஞ்சிட்டான்."

"யாரு?"

"உன் மருமவன்தான். பட்டு வேட்டி மேல. புதுசு. குடம் கவுத்த மாரி. சிலம்பரசன் எழுந்திரிக்கவும் முடியல, புள்ளய வுடவும் முடியல. ஆசாரி அந்த ஈரத்துல நின்னுகினேதான் ரெண்டாவது காத குத்தினாரு. அன்னிக்கிப் போனவரு, அதுக்கப்பறம் எந்த வூட்டுக் காதுகுத்துக்கும் மடி குடுக்கறதே இல்ல."

மாமாவின் முகம் அசையவில்லை. மீசை மட்டும் அசைந்தது. அப்புறம் துண்டை வாயில் அமுக்கிக்கொண்டார். அது போதவில்லை. பலாமரத்துக் காக்கை பறக்கிற அளவுக்குச் சிரித்தார். ஸ்டூல் சாய்ந்தது. இனியன் தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று புரிந்துகொண்டு, "நான் இல்ல, நான் இல்ல" என்றான்.

"எனக்கு வச்சிருந்தத அவனுக்குக் குடுத்துட்டியேடா" என்று கம்பிக்குள் கையை விட்டு அவன் தலையைத் தடவினார்.

"குத்தின கம்மல அன்னிக்கே கழட்டிட்டேன்" என்றாள் அம்மா. இப்போது சிரிப்பில்லை. "கேட்டாண்ட நீ வச்சிட்டுப் போனதத்தான் போட்டேன். இன்னிவரைக்கும் அவன் காதுல இருக்கறது அதுதான். நீதான் பாக்கவே மாட்டேங்கறியே."

மாமா பையனின் காது மடலைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அதே நேரம் பார்த்து, பக்கத்து வீட்டில் கஸ்தூரியம்மாளின் மிக்ஸி ஓட ஆரம்பித்தது. மிளகாய் அரைக்கிற சத்தம், சுவரே அதிர்ந்தது.

மாமா தலையைத் திருப்பி அந்தச் சத்தத்தைக் கேட்டார். என்னைப் பார்த்தார்.

"அங்க கரண்டு இருக்குது" என்றார்.

"நம்ம வீட்டு ஃபியூஸ்தான் போயிருக்கும்போல" என்றாள் அம்மா. "இவ அப்பா வர எட்டு மணி ஆவும். எனக்கு அதெல்லாம் பாக்கத் தெரியாது." அப்புறம் எதிரே இருந்த டிவியிடம் மெதுவாகச் சொன்னாள்: "தெரிஞ்சவங்க யாராச்சும் வந்து பாத்தாதான் உண்டு."

ஜன்னலில் மாமாவைக் காணோம். செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. வாசலில் வந்து நின்றார். வாசப்படியைப் பார்த்தார். ஹெல்மெட் இல்லாமலேயே தலையைக் குனிந்து, வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். கூடத்தைத் தாண்டிச் சமையலறைக் கதவடிக்குப் போனார். முக்காலி நான் போட்ட இடத்திலேயே இருந்தது. அதை நகர்த்தி வைக்க மறந்திருந்தேன்.

ஏறிப் பெட்டியைத் திறந்தார். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் பொக்கை வாய்போல் இருந்தது. அணைந்திருந்த மெயினைப் பார்த்தார். குனிந்து என்னைப் பார்த்தார். என் வலது கை முழங்கைவரை வெள்ளையாக அரிசித் தவிடு.

"என்னாண்ணே, போயிருச்சா?" கூடத்திலிருந்து அம்மா கேட்டாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு 'அண்ணே'.

மாமா பெட்டியைச் சத்தமில்லாமல் மூடினார்.

"பெரிய ரிப்பேரு தெலகா" என்றார். "இன்னிக்கி ஆவாது போலக்கீது. சோறு என்னா இருக்குது?"

அம்மா எழுந்து வந்து என் கையில் இருந்த தவிட்டைப் பார்த்தாள். அரிசி டப்பா மூடி கோணலாக இருந்ததையும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் டப்பாவை நேராக மூடிவிட்டு, காலையில் வடித்த சோற்றைத் தட்டில் போட்டாள். புதிதாக உலை வைக்க அன்றைக்கு அவள் அந்த டப்பாவைத் திறக்கவே இல்லை.

அன்றைக்கு மாமா எங்கள் வீட்டுத் தண்ணியைத்தான் குடித்தார். அவர் கொண்டுவந்த பாட்டில் ஜன்னலோரம் வெயிலில் காய்ந்தது. போகும்போது சி.டி.யைப் பையில் போட்டபடி என் தலையில் ஒரு குட்டு வைத்தார், வலிக்கிற குட்டு.

"அடுத்த வாரம் வரன். அந்த அண்ணன் என்னா பண்றான்னு பாக்கணும். ஃபியூஸு மட்டும் எங்கயாவது போச்சு..." என்றவர், வாசப்படியில் நின்று கொஞ்சம் யோசித்தார். "போனாலும் பரவால்ல."

வடக்குத்தில் அந்த அட்டை இன்னும் இருக்கிறது. எட்டாவது படத்தை மட்டும் அவர் அடிக்கவில்லை. நான் சொல்லட்டுமா என்று கேட்டால் இப்போதும் காதில் விரலை விட்டுக்கொள்கிறார்.